செகண்ட் ஹேண்ட் 'டர்போ' கார் வாங்குறீங்களா? பளபளப்பை நம்பாதீங்க... சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்க!

திருவொற்றியூர்:

வடசென்னையில் வேகத்துக்கு என்றைக்குமே மவுசு குறைந்தது இல்லை. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் 1950-களில் ஆரம்பித்து 1980-கள் வரை நடந்த கார், பைக் பந்தயங்களைப் பார்க்க சைக்கிள் மிதித்துப் போனவர்கள் இன்றும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறார்கள். அப்புறம் யமஹா ஆர்.எக்ஸ்.100 காலம். 2024-ம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 கார்கள் சீறிய பிறகு, பசங்களின் பார்வை கார் பக்கம் திரும்பி இருக்கிறது.

புது கார் வாங்க எல்லாராலும் முடியாது. 2013-ல் சுமார் 8 லட்சத்துக்கு வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., மாருதியின் பலேனோ ஆர்.எஸ்., இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஐ20 என் லைன் மாதிரியான டர்போ வண்டிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து டீலரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒரு மாதத்தில் வண்டி ஷெட்டில் நிற்கிறது. டியூ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது!

இந்த நிலைமை வராமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும்? விவரம் வருமாறு:-

வெள்ளத்தில் குளித்த வண்டியா?

நம்ம ஊரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. ரிப்பேர் செலவு அதிகம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவும் வண்டிகள் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் உடைத்து பார்ட்ஸ் ஆக விற்கலாம். கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, மறுபடி ரோட்டுக்கும் கொண்டு வரலாம்.

கதவைத் திறந்ததும் வாசனை தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுங்கள். மேலே தெரிகிற பகுதியைத்தான் கழுவுவார்கள். உள்ளே சுருண்டு இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். கால் மிதியடி கார்ப்பெட்டை ஓரமாகத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட் நகரும் தண்டவாளம், ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம். காசிமேடு, எண்ணூர் பக்கம் ஓடிய வண்டியில் துரு இருப்பது அதிசயம் இல்லை. கடல் காற்று யாரையும் விடாது. ஆனால் உப்புக் காற்று துரு பெரும்பாலும் வண்டியின் அடியில், சைலன்சரில், கதவு ஓரத்தில் வரும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், டேஷ்போர்டு உள்ளே இருக்கும் ஸ்குரூ துருப்பிடித்திருந்தால் அது காற்று செய்த வேலை இல்லை. தண்ணி உள்ளே வந்திருக்கிறது.

மிக்ஜாமின்போது மணலி பகுதியில் இருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எர்ணாவூர், எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்ததை நம்ம ஜனங்கள் மறக்கவில்லை. அந்தப் பக்கத்து வண்டி என்றால், அடியில் உள்ள ஒயரிங் உறையிலும், கதவு ரப்பருக்குப் பின்னாலும் கறுப்புப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

டர்போ வண்டியில் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். இந்த வண்டிகளில் இன்ஜின், கியர், பிரேக், ஏர்பேக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டி. தண்ணி போன கனெக்டர் அன்றைக்கே கெடாது. பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் படுக்கும். அதற்குள் டீலர் உங்கள் நம்பரை பிளாக் பண்ணியிருப்பார்.

சூடான பானெட், ஜாக்கிரதை!

வண்டி பார்க்கப் போகும்போது 'ஸ்டார்ட் பண்ணாம வைங்க'ன்னு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானெட் மேலே கை வைப்பது. சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் வருகிற சத்தத்தையும் புகையையும் மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் போயிருக்கலாம், பிஸ்டன் ரிங்கும் போயிருக்கலாம். நிற்காமல் வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாசனை என்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா? அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

டர்போ என்பது சைலன்சர் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதற்கு உயிரே ஆயில்தான். நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியில் டர்போ முதலில் போகும். காற்று வரும் ஹோஸைக் கழற்றி விசிறித் தண்டை விரலால் மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகச் சின்ன ஆட்டம் இருக்கலாம். உள்ளே வெளியே ஆடினால் ஆகாது. ஓட்டும்போது 'உஸ்ஸ்...' என்று சத்தம் வந்து இழுவை இல்லாமல் இருந்தால் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது. அது சின்னச் செலவு, பேரம் பேச உதவும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியா? போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் வரும் 7 கியர் டி.எஸ்.ஜி. பெட்டியில் இரண்டு உலர் கிளட்ச். ரோட்டில் பறக்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். அதனால் காலி ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் பிரயோஜனம் இல்லை. தண்டையார்பேட்டை டிராபிக்கில் ஊர்ந்து போகிற மாதிரி ஓட்டுங்கள். ஒன்றில் இருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினாலோ, ரிவர்ஸ் போட்டு ஒரு மூச்சு விட்ட பிறகு வண்டி நகர்ந்தாலோ உஷார். கியரைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் போனால் பில் லட்சத்தைத் தொடும்.

நம்ம ஏரியாவில் லேலண்டில் வேலை பார்த்த சித்தப்பாவோ, என்பீல்டில் வேலை பார்த்த மாமாவோ வீட்டுக்கு ஒருத்தர் இருப்பார். அவரைக் கூட்டிப் போவது நல்லதுதான், இன்ஜின் சத்தத்திலேயே பாதி கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இந்த வண்டிகளுக்குக் காது மட்டும் போதாது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள்.

கிலோ மீட்டர் கதை

மீட்டரில் 32 ஆயிரம் காட்டும். பிரேக் பெடல் ரப்பரோ வழவழன்னு தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் வலது ஓரம் இரண்டும் பொய் சொல்லாது. டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. முன் பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குத் திட்டு இருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது.

ஸ்கேனரில் இரண்டு விஷயம் கேளுங்கள். சில வண்டிகளில் மீட்டர் தவிர மற்ற பெட்டிகளிலும் கிலோ மீட்டர் பதிவாகி இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகிறதா? அடுத்து, எர்ரர் கோடுகளை அழித்து எத்தனை கிலோ மீட்டர் ஆகிறது? 'எந்தக் கோடும் இல்ல சார், கிளீன் வண்டி' என்பார்கள். அழித்தே 6 கிலோ மீட்டர்தான் ஆகிறது என்று ஸ்கேனர் காட்டினால், நேற்று வரை என்ன கோடு இருந்தது?

சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். பெரிய விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டியாக இருக்கலாம்.

'ரீமேப்' பண்ணியிருக்கா?

கம்ப்யூட்டரில் கை வைத்து குதிரைத் திறனைக் கூட்டியிருக்கிறோம் என்று சில டீலர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டதும் பையனுக்குக் கண் விரியும். கம்பெனி கொடுத்த கியரும் கிளட்சும் அந்த அளவுக்குத் தாங்குமா என்று யாரும் சொல்வதில்லை. வண்டியைக் கம்பெனி அமைப்பில் இருந்து மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில். மாட்டிக் கொள்வது முதல் ஓனர் இல்லை, இப்போது ஓட்டுகிற நீங்கள்தான்.

பேப்பர் சமாச்சாரம்

2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. சான்றிதழைக் காட்டுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். வண்டி நம்பரைப் போட்டு பரிவாகன் இணையதளத்தில் ஆர்.சி. விவரம், லோன் பாக்கி, அபராத சலான் எல்லாம் பார்க்கலாம். லோன் முடிந்ததற்கு பேங்க் கொடுக்கும் படிவம் 35 வேண்டும்.

'பேர் மாத்துறத நாங்க பாத்துக்கறோம்' என்ற பேச்சில்தான் நிறைய பேர் சிக்குகிறார்கள். வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்சை 14 நாளில் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். அடுத்தவருக்கு அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பாலிசி தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டி உடைந்தால், பழைய ஓனர் பேரில் பாலிசி இருக்கும் வரை கிளைம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளைம் போனசும் உங்களுக்கு வராது.

ஜி.எஸ்.டி. பேரிலும் கறப்பார்கள். 2025 ஜனவரி முதல் 18 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அது முழு விலைக்கு இல்லை, டீலரின் லாபத்துக்கு மட்டும். 4 லட்சத்துக்கு வாங்கி 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றால், வரி 40 ஆயிரத்துக்குத்தான், அதாவது 7,200 ரூபாய்.

வாங்கியாச்சு... முதல் வாரம்?

பணத்தை பேங்க் மூலம் கொடுங்கள். ரசீதில் 'வெள்ளத்தில் மூழ்காத, பெரிய விபத்தில் சிக்காத வண்டி' என்று எழுதி, கிலோ மீட்டரையும் குறித்து, சீல் போட்டு வாங்குங்கள். எழுத மறுக்கிற டீலரிடம் வண்டி வாங்காதீர்கள்.

முதல் வாரத்திலேயே வண்டியை லிப்டில் ஏற்றிக் காட்டுங்கள். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய ஆயிலில் பளபளவென்று உலோகத் தூள் இருந்தால் போட்டோ எடுத்து, அன்றைக்கே டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஸ்பீடு போஸ்டில் கடிதம் போடுங்கள். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு புகார் கட்டணமே கிடையாது. பிரச்சினை தெரிந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம்.