புகை கக்கும் கார்: வைப்பதா, விற்பதா?

பல வருஷம் உழைத்த கார் புகை கக்கத் தொடங்கினால், வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். “ரிப்பேர் பண்ணிவிடலாம்” என்பார் வீட்டுக்காரர். “தள்ளிவிடுங்கள், அப்பா” என்பான் பிள்ளை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் இல்லத்தரசிதான்!

முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பென்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. பெரும்பாலும் சிறு செலவு. நீலமென்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கட்டில் சந்தேகம். வண்டியை ஓட்டவே கூடாது.

மெக்கானிக்கிடம் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால், ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கட்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. எஞ்சினைப் பிரிக்க நேரும். ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ காஸ்கட்டிலோ இருக்கலாம்.

பிறகு மூன்று தொகைகளை எழுதுங்கள்: ரிப்பேர் செலவு, இப்படியே விற்றால் வருவது, வேறு வண்டிக்கு ஆவது. ரிப்பேருக்குப் போட்ட பணம் விற்கும்போது முழுதும் திரும்பாது. இன்னும் சில வருஷம் நாமே ஓட்டுவதானால்தான் பெரிய ரிப்பேர் கட்டும். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு 5 வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்கும் செலவையும் சேருங்கள்.

விற்பதானால் கோளாறை மறைக்க வேண்டாம். 29, 30-ஆம் நம்பர் படிவங்கள் கொடுத்து, பெயர் மாறியதா என்றும் பார்த்துவிடுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. கை மாறிய கார் நம் தலையில் வந்து விழலாமா?