ஆம்பூர் ஷூவும் 18–55 லென்ஸும்

கேமரா வாங்கும்போது கூடவே வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸை ஓரமாக வைத்துவிட்டு, கடன் வாங்கியாவது ஒரு 24–70 எஃப் 2.8 லென்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கல்யாண ஆல்பம் போடுபவர்கள், ஷூ கம்பெனிக்குச் சாம்பிள் படம் எடுத்துக் கொடுப்பவர்கள், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் வேலையைப் பதிவுசெய்ய வருபவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். 24–70 நல்ல லென்ஸ்தான். ஆனால் அந்த இரண்டு எண்களும் வேறொரு அளவுச் சென்சாரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

பழைய ஃபிலிம் கேமராவின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதே அளவுச் சென்சாரைத்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறோம். நம்மில் பலர் கையிலிருக்கும் நடுத்தர விலைக் கேமராக்களில் இருப்பது அதைவிடச் சின்னது. நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனானில் இன்னும் கொஞ்சம் குறைந்து 22.3 × 14.9 மி.மீ. இதுதான் கிராப் சென்சார்.

லென்ஸுக்கு இது எதுவும் தெரியாது. எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது ஒரே பிம்பத்தைத்தான் உள்ளே விழச்செய்கிறது. கட்டிங் பிரிவில் ஒரே தோலின்மேல் பெரிய டைக்கு (வெட்டும் அச்சுக்கு) பதில் சின்ன டையை வைத்து அழுத்தினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். தோல் மாறவில்லை, வெட்டி எடுத்த துண்டுதான் சிறிது. ஓரங்கள் வெளியே போய்விடுவதால் படம் நெருங்கி வந்ததுபோல் தெரிகிறது. எவ்வளவு நெருக்கம் என்பதற்கு லென்ஸின் எண்ணை 1.5 ஆல் பெருக்குங்கள். கேனான் என்றால் 1.6 ஆல். 18–55 என்பது ஃபுல் ஃபிரேமில் 27–82 காட்டும் காட்சியைத் தரும். 24–70 லென்ஸோ 36–105 ஆகிவிடும்.

சென்சாரின் மூலைவிட்டம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு மி.மீ. உள்ள லென்ஸில் படம் அகலமாகவும் தெரியாது, நெருக்கமாகவும் தெரியாது, இயல்பாக இருக்கும். ஃபுல் ஃபிரேமுக்கு அது 43, கிராப் சென்சாருக்கு 28. ஸ்டாண்டர்ட் ஜூம் என்பது இந்த நடு எண்ணுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்க வேண்டும். 18–55 லென்ஸ் 28க்கு இருபுறமும் தாராளமாக நிற்கிறது. 24–70 லென்ஸைக் கிராப் கேமராவில் மாட்டினால், தொடங்கும்போதே 28ஐ ஒட்டி நிற்கிறது. அகலம் என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் மிச்சமில்லை.

வீட்டு வரவேற்பறையில் இது பெரிதாகத் தெரியாது. தோல் பதனிடும் டேனரிக்குள் போனால் உடனே தெரியும். ஆளைவிட உயரமான மர டிரம்கள் வரிசையாக நிற்கும், நடுவில் ஈரத்தரை, வண்டி தள்ளும் வழி. பின்னால் நகர இடம் கிடையாது. டிரம்மிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்க முடிகிறது என்று வையுங்கள். 24 மி.மீ.யில் கிராப் சென்சாருக்குள் வருவது சுமார் 3.9 மீட்டர் அகலம். 18இல் 5.2 மீட்டர். 16இல் தொடங்கும் லென்ஸ் இருந்தால் ஏறக்குறைய 5.9 மீட்டர். டிரம்மும், அதன் கதவைத் திறந்து நீல நிறத் தோலை வெளியே இழுக்கும் இரண்டு ஆட்களும் சேர்ந்து வர வேண்டுமென்றால் அந்த ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் வித்தியாசமே. ஒன்று கவனியுங்கள்: 18இல் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். ஆளை நடுப்பக்கம் வைத்து, ஓரத்தை டிரம்முக்கும் சுவருக்கும் விட்டுவிடுங்கள்.

நீல நிறத் தோல் என்றேன். குரோமிய உப்பில் பதனிட்டு, இன்னும் காயாமல் இருக்கும் தோலை இங்கே வெட் புளூ என்பார்கள். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அந்த நீலத்தைக் குறையாக நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். ஆட்களின் முகம் மஞ்சளடித்துப் போகும். ஆவாரம் பட்டையிலோ கடுக்காயிலோ பதனிட்ட பழுப்புத் தோலில் இதே கோளாறு தலைகீழாக வரும். அந்த விளக்கொளியிலேயே ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுத்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டிக்கொண்டால் தொல்லை இல்லை.

வெளிச்சம் அடுத்த சிக்கல். தகரக் கூரை, அங்கங்கே ஒளி விழும் ஷீட், மீதிக்குக் குழல்விளக்கு. கிட் லென்ஸ் 18இல் எஃப் 3.5 வரை திறக்கும். 55க்குப் போகும்போது எஃப் 5.6 ஆகச் சுருங்கும். உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. ஜூமைத் திருப்பியதும் படம் ஏன் ஆடிவிட்டது என்று புரியாமல் விழிப்பவர்களுக்குக் காரணம் இதுதான். கை ஆட்டத்துக்கான பழைய கணக்கையும் கிராப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்: 55இல் 1/55 போதாது, 1/80க்குக் கீழே இறங்காதீர்கள். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இறங்கலாம். ஆனால் அது உங்கள் கையைத்தான் பிடித்து நிறுத்தும். ஸ்டிச்சிங் வரிசையில் அப்பர் தைக்கும் பெண்ணின் கையை நிறுத்தாது. அதற்கு 1/200ஆவது வேண்டும், ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றத்தான் வேண்டும். நம் மின்சாரம் 50 சுற்று என்பதால் குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் 1/100க்கோ 1/50க்கோ இறங்கி, தைப்பவர் நூலை அறுக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அழுத்துங்கள்.

இனி ஷூ. கிட் லென்ஸை நான் விட்டுக்கொடுக்காததற்கு முதல் காரணம் இந்த வேலை.

மேஜைமேல் சாம்பிளை வைத்து, பக்கத்தில் போய், 18இல் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. படத்தில் மூக்குப்பகுதி வீங்கி, குதிகால் சுருங்கி, ஷூவே கோணலாகத் தெரியும். வாங்குபவர் லாஸ்ட்டை, அதாவது ஷூவுக்கு வடிவம் தரும் அச்சை, குறை சொல்வார். குற்றம் லாஸ்ட்டிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. நின்ற தூரத்தில் இருக்கிறது. 40 செ.மீ. அகலம் படத்தில் நிறைய வேண்டுமானால் 18இல் சுமார் 32 செ.மீ. தூரத்துக்குப் போயாக வேண்டும். ஷூவைச் சாய்த்து வைத்திருந்தால் முன்பகுதி 22 செ.மீ. தூரத்திலும் குதிகால் 42 செ.மீ. தூரத்திலும் இருக்கும். முன்பகுதி ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக விழும். அதே அகலத்தை 55இல் எடுக்க ஒரு மீட்டர் தள்ளி நிற்கலாம். அப்போது 90க்கும் 110க்கும் உள்ள வித்தியாசம்தான். ஷூ ஷூவாகத் தெரியும். ஆகவே சாம்பிள் மேஜையில் ஜூமை 55இல் நிறுத்திவிட்டு, நீங்கள் நகருங்கள்.

முழு ஷூவும் கூர்மையாக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இங்கே சின்ன சென்சாருக்கு லாபம். ஒரே அகலத்தை ஒரே எஃப் எண்ணில் எடுத்தால், ஃபுல் ஃபிரேமைவிட ஒன்றரை மடங்கு ஆழம் கூர்மையாகக் கிடைக்கும். நாம் பார்த்த அந்த 40 செ.மீ. கணக்கில் எஃப் 8 வைத்தால் சுமார் 10 செ.மீ. ஆழம் வரும். பக்கவாட்டில் நிற்கும் ஒற்றை ஷூவுக்கு அது சரியாக இருக்கும். சாய்த்து வைத்தால் எஃப் 11க்குப் போங்கள். எஃப் 16 வைத்தால் ஆழம் கூடும், ஆனால் ஒளி துளையின் விளிம்பில் சிதறி, தோலின் நுண்ணிய ரேகை மங்கிவிடும். தோல் விற்பவருக்கு அந்த ரேகைதான் சரக்கு. ஒரே எஃப் 8இல் முன்பகுதிக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்து மென்பொருளில் சேர்ப்பது அதைவிட மேல். மேஜை வேலைக்கு முக்காலி இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100இல் நிதானமாக எடுக்கலாம், எஃப் 2.8 திறப்புக்கு அங்கே வேலையே இல்லை.

அப்படியானால் 24–70 வீணா? முகம் எடுப்பவருக்கு இல்லை. கிராப் கேமராவில் அதன் 50 முதல் 70 வரையிலான பகுதி மணப்பெண்ணுக்கும், கட்டிங் மேஜையில் குனிந்திருக்கும் பெரியவருக்கும் அருமையாகப் பொருந்தும். ஓரத்து மங்கலும் இருட்டும் சென்சாருக்கு வெளியே போய்விடுவது கூடுதல் நன்மை. ஆனால் கேனானின் இரண்டாம் பதிப்பு 24–70 மட்டுமே 800 கிராம். 18–55 அதில் கால்வாசி. எடை கூடி, விலை கூடி, அகலம் குறையும். கிராப் சென்சாருக்கென்றே செய்த எஃப் 2.8 ஜூம்கள் இருக்கின்றன: 2006இல் வந்த கேனான் 17–55, டாம்ரான் 17–50, சிக்மா 17–50, மிரர்லெஸ் கேமராக்களுக்கு 2021இல் வந்த டாம்ரான் 17–70, சிக்மா 18–50. எஃப் 2.8 வேண்டும் என்பவருக்கு, ஜூமின் கடைசி முனையில் கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளி தரும் இவற்றில் ஒன்றே என் தேர்வு. "நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்குவேன், அதனால் இப்போதே 24–70" என்பது காதில் அடிக்கடி விழும் வாதம். நாளை எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் அப்படிச் செய்யலாம். கேனானின் கிராப் லென்ஸ்களான இ.எஃப்.-எஸ். வகை அதன் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.களில் மாட்டவே மாட்டாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

லென்ஸ் எதுவானாலும், டேனரிக்குள் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பாலாற்றுப் படுகையை மாசுபடுத்திய தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு கேமராவுடன் வருபவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பதில் வியப்பில்லை. என்ன எடுக்கப்போகிறீர்கள், எங்கே பயன்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தொழிலாளியிடமும் தனியாகக் கேளுங்கள். முதலாளி சொன்ன சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது.

தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும் பஃபிங் பிரிவில் மாவுபோன்ற தூசி பறக்கும். அங்கே லென்ஸைக் கழற்றாதீர்கள். ஒரே ஜூமில் வேலையை முடிப்பதன் உண்மையான பயன் அங்கேதான். ஜூம் நீண்டு சுருங்கும்போது காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும் என்பதால் அதையும் சும்மா திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்குவதானால், ஷூ பெட்டிகள் அடுக்கிய அலமாரி ஒன்றை நேராக நின்று 18இலும் 55இலும், துளையை முழுதாகத் திறந்து படமெடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு வளைந்திருந்தால் மென்பொருள் சரிசெய்துவிடும். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று பொருள், தொடவேண்டாம். பின்பக்கம் டார்ச் அடித்து வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.