காணாமல் போன கவுன்!
துப்பறியும் கதை பிறந்த கதை

துப்பறியும் கதை கையில் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்து படிப்பவர்கள் உண்டு. அந்தக் கதைகளுக்கு வித்திட்டவற்றில் ஒன்று, இங்கிலாந்தில் நடந்த ஓர் உண்மைக் கொலை!

1860-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி. ரோட் என்ற கிராமத்தில் ஒரு பெரிய பங்களா. அதன் சொந்தக்காரர் சாமுவேல் கெண்ட், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். காலையில் அவருடைய 3 வயது மகன் சாவிலைக் காணோம். தேடினார்கள். தோட்டத்துக் கக்கூசில் பிணமாகக் கிடந்தான். கழுத்து அறுபட்டு இருந்தது.

வெளியார் புகுந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் கொலையாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்! அல்லது இருக்கிறாள்!

லண்டன் ஆசாமி

உள்ளூர் போலீசார் இரண்டு வாரம் திண்டாடினார்கள். பிறகு லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் வந்தார். 1842-ல் ஸ்காட்லாந்து யார்டில் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது சேர்ந்த எட்டுப் பேரில் அவர் ஒருவர். கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

அவர் கேட்டது சலவைக் கணக்கு நோட்டை! கெண்டின் மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்சுக்கு வயது 16. அவளுக்கு மூன்று இரவு கவுன்கள். இப்போது இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எங்கே? சலவைக்காரி தொலைத்துவிட்டாள் என்றார்கள். விச்சர் நம்பவில்லை. ரத்தக் கறை பட்ட கவுனை அவளே ஒழித்துவிட்டாள் என்று முடிவு கட்டினார். இறந்த சிறுவன் இளைய தாரத்துப் பிள்ளை. சிற்றன்னை மீதுள்ள ஆத்திரம்தான் காரணம் என்று நினைத்தார்.

கான்ஸ்டன்சைக் கைது செய்தார். ஊரே கொதித்தது! பெரிய வீட்டுப் பெண் மீது ஒரு சாதாரண போலீஸ்காரர் கை வைப்பதா? கவுன் கிடைக்கவில்லை, சாட்சியும் இல்லை. அவள் விடுதலையானாள். பத்திரிகைகள் விச்சரைத் திட்டித் தீர்த்தன.

இதில் ஒரு கொடுமை. ரத்தக் கறை படிந்த ஓர் உள்ளாடை அந்த வீட்டு வெந்நீர் அடுப்பில் கிடைத்திருந்தது. உள்ளூர் போலீசார் அதை விச்சரிடம் சொல்லவே இல்லை! அவர் மனம் ஒடிந்து 1864-ல் வேலையை விட்டார்.

அடுத்த ஆண்டே கான்ஸ்டன்ஸ் லண்டன் கோர்ட்டுக்கு வந்து, "நான்தான் கொன்றேன்" என்று ஒப்புக்கொண்டாள். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

சந்திர காந்தக் கல்

எழுத்தாளர் வில்கி காலின்ஸ் இந்த வழக்கை மறக்கவில்லை. 1868-ல் 'மூன்ஸ்டோன்' என்ற தொடர்கதையை எழுதினார். 1799-ல் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது களவு போன வைரம்தான் கதையின் கரு. கதையிலும் ஒரு பங்களா வருகிறது. கறை பட்ட இரவு உடை ஒன்றைத் தேடுகிறார்கள். ஆனால் ரத்தக் கறை அல்ல, பெயிண்ட் கறை! துப்பறிய வருபவர் சார்ஜண்ட் கஃப். ரோஜாச் செடி என்றால் அவருக்கு உயிர். விச்சரின் சாயல் அவரிடம் உண்டு என்பார்கள். திருடியது யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. படிக்கப் போகிறவர்கள் நம்மைச் சபிப்பார்கள்!

அமெரிக்கர் எட்கர் ஆலன் போ 1841-லேயே துப்பறியும் சிறுகதை எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் முழு நீளத் துப்பறியும் நாவல் என்றால் பலரும் முதலில் சொல்வது 'மூன்ஸ்டோன்'தான். ஷெர்லாக் ஹோம்ஸ் வந்தது அதற்கும் பின்னால், 1887-ல்.

கான்ஸ்டன்ஸ் 20 ஆண்டு சிறையில் இருந்தாள். 1885-ல் விடுதலையாகி, பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் நர்சாக வேலை பார்த்தாள். 1944-ல் இறந்தபோது வயது 100. தம்பி வில்லியத்தைக் காப்பாற்றவே முழுப் பழியையும் அவள் ஏற்றாள் என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.