வெனிஸில் ஓர் இருக்கையின் விலை

வெனிஸுக்கு வருகிறவர் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் கொண்டோலா என்னும் துடுப்புப் படகுச் சவாரியைத்தான். கட்டணத்தை நகராட்சி நிர்ணயிக்கிறது. பகலில் 30 நிமிடத்துக்கு 80 யூரோவாக இருந்தது 2023 நவம்பரில் 90 யூரோ ஆனது, உயர்வு 12.5 சதவீதம். இது ஆளுக்கான கட்டணம் அல்ல, படகுக்கானது. 2020 வரை ஒரு படகில் 6 பேர் ஏற முடிந்தது. அந்த ஆண்டு வரம்பு 5 ஆகக் குறைந்தது. எனவே, நிறைந்த படகில் ஓர் இருக்கையின் விலை 13.33 யூரோவிலிருந்து முதலில் 16, பிறகு 18 யூரோ. மொத்த உயர்வு 35 சதவீதம். கூடிய 4.67 யூரோவில் 2.67 யூரோ இருக்கை குறைந்ததால் வந்தது. கட்டண உயர்வின் பங்கு 2 யூரோ மட்டுமே.

இருவர் மட்டும் ஏறினால் ஆளுக்கு 45 யூரோ, நிமிடத்துக்கு 1.50 யூரோ. இரவுச் சவாரி 35 நிமிடம், 110 யூரோ. தொகையில் 22 சதவீதம் கூடுதல். நிமிடக் கணக்கில் படகுக்கு 3.00 யூரோவுக்குப் பதில் 3.14, அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவான கூடுதல். இரவு விலை அதிகம் என்ற பேச்சைக் கணக்கு ஓரளவே ஆதரிக்கிறது.

படகின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். 8 வகை மரங்களில் அறுத்த சுமார் 280 துண்டுகளால் ஆனது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். வலப்புறம் ஒற்றைத் துடுப்பு போட்டும் படகு நேராகப் போவது இதனால்தான். இந்தக் கைவேலையை அருகில் பார்த்தபின் 18 யூரோவை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

3.8 கிலோமீட்டர் நீளமுள்ள கிராண்ட் கால்வாயின் குறுக்கே இருப்பவை 4 பாலங்கள். நான்காவது 2008-இல்தான் வந்தது. பாலமில்லாத இடங்களில் ட்ரகெட்டோ என்னும் துறைப்படகு அக்கரை சேர்க்கிறது. இருவர் துடுப்புப் போடுவார்கள். வெளியூரார் தருவது 2 யூரோ, ஊர்க்காரர் 0.70 யூரோ. பயணம் ஓரிரு நிமிடமே என்றாலும், கொண்டோலாவின் மிகக் குறைந்த இருக்கை விலையில் இது 9-இல் 1 பங்கு.

வபோரெட்டோ என்னும் பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. மூன்றாவது தனிச்சீட்டு வாங்க வேண்டியிருந்தால் நாள் சீட்டே லாபம். 75 நிமிடத்தையும் பயன்படுத்தினால் நிமிடத்துக்கு 0.13 யூரோ, கொண்டோலாவில் இருவராகப் போவதில் ஏறத்தாழ 12-இல் 1 பங்கு. முதலாம் எண் படகு கிராண்ட் கால்வாய் முழுவதையும் காட்டிவிடுகிறது.

2024 ஏப்ரல் 25 முதல், இரவு தங்காமல் வந்து திரும்புகிறவரிடம் குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்கப்படுகிறது. அவ்வாண்டு 29 நாள்கள், ஆளுக்கு 5 யூரோ; ஏறத்தாழ 4.85 லட்சம் பேர், 24 லட்சம் யூரோ. சராசரி நாளுக்கு 16,700 பேர். 2025-இல் 54 நாள்கள். முன்பதிவுக்கு 5, கடைசி நேரத்துக்கு 10 யூரோ. கட்டியவர்கள் சுமார் 7.2 லட்சம் பேர், வசூல் 54 லட்சம் யூரோ. சராசரி நாளுக்கு 13,300 பேராகக் குறைந்தது. ஆனால் நாள்களின் பட்டியல் மாறியதால், குறைவுக்குக் கட்டணமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆளுக்குச் சராசரி 7.50 யூரோ என்பது இன்னொன்றைக் காட்டுகிறது: ஏறத்தாழ பாதிப் பேர் இரட்டிப்புத் தொகை கொடுத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் கிளம்பி வருகிறவரை 5 யூரோ கூடுதல் தடுக்கவில்லை.

வந்து போகிறவர்களின் கணக்கு இது; குடியிருப்பவர்களின் கணக்கு வேறு. பழைய நகரத்தில் 1951-இல் சுமார் 1.75 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்குக் கீழே போனது. 71 ஆண்டுகளில் 71 சதவீதம் இழப்பு. 2023 செப்டம்பரில் உள்ளூர் அமைப்புகள் எண்ணியபோது பயணிகளுக்கான படுக்கைகள் 49,693, குடியிருப்போர் 49,304. கட்டிலின் எண்ணிக்கை ஆளின் எண்ணிக்கையை 389 தாண்டியிருந்தது.

ரியால்டோ பாலத்துக்கு அருகே, சான் பார்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை உண்டு. அதன் கண்ணாடிக்குப் பின்னே 2008 முதல் ஓர் எண்பலகை ஊரின் மக்கள்தொகையைக் காட்டுகிறது. பார்க்கக் கட்டணம் 0 யூரோ.