மலைவழியும் மோட்டார்ச் சைக்கிள் டயரும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு அச்சாணி எவ்வாறோ அவ்வாறே இன்றைய மோட்டார்ச் சைக்கிளுக்கு டயர். எஞ்சின் எத்துணை ஆற்றல் உடையதாயினும், பிரேக் எத்துணை வலியதாயினும், அவை தம் தொழிலைச் செய்வது டயர் வீதியைத் தொடும் இடத்திலேதான். அந்த இடமோ மிகச் சிறியது. ஒவ்வொரு சில்லின் கீழும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவான இறப்பரே வீதியைப் பற்றி நிற்கிறது. ஓட்டுபவரும், பின்னாலே அமர்ந்திருக்கும் மனைவியோ பிள்ளையோ, அந்த இரண்டு உள்ளங்கைகளை நம்பியே பயணம் செய்கின்றனர்.

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஸ்போர்ட்ஸ் வகை மோட்டார்ச் சைக்கிள்களை இளைஞர் பலர் விரும்பி வாங்குகின்றனர். பந்தய வண்டியின் தோற்றமும் அகன்ற பின் டயரும் உடைய 150 சி.சி., 200 சி.சி. வண்டிகளை வீதிதோறும் காண்கிறோம். 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, பல ஆண்டுகளின் பின்னரே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் உள்ள வண்டியையே பேணி ஓட்டும் வழக்கம் வலுத்தது. வண்டியோடு வந்த டயர் தேய்ந்தபின், "அடுத்த டயராவது நெடுங்காலம் உழைக்க வேண்டும்" என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணம் நியாயமானது. ஆனால் நெடுங்காலம் உழைப்பது எது, அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பவற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

டயரின் கதைக்கும் நமது நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பிரேசில் நாட்டு வித்துக்களிலிருந்து இலண்டனிலே முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1888இல், ஜோன் போய்ட் டன்லொப் பெல்பாஸ்ற் நகரிலே காற்றடைத்த டயரைச் செய்தார். 1960களிலே சோவியத் நாட்டின் உதவியுடன் களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்தது.

மரத்திலிருந்து வடியும் பாலை உறையச் செய்து எடுத்த இறப்பர் தனித்து டயராவதில்லை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதனைப் பதப்படுத்துகின்றனர். கரித்தூள் சேர்த்து வலிமை ஊட்டுகின்றனர். டயர் கறுப்பாயிருப்பதற்கும், பழங்காலத்து வெளிறிய டயர்களிலும் பன்மடங்கு உழைப்பதற்கும் இந்தக் கரித்தூளே காரணம். பின்னாளிலே, குறிப்பாக 1990களின் தொடக்கம் முதலாக, சிலிக்கா என்னும் நுண்பொடியையும் கலக்கும் முறை பரவியது. ஈரமான வீதியிலே பிடிப்பைக் கூட்டுவதில் இப்பொடி பெரிதும் உதவுகிறது.

இந்தக் கலவையிலேதான் நமது கேள்வியின் முடிச்சு இருக்கிறது. மென்மையான இறப்பர் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களிலே பதிந்து இறுகப் பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான இறப்பர் மெல்லவே தேயும். ஆனால் ஈரத்தில் வழுக்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே பொதுவிதி. டயர் செய்யும் கலையின் வரலாறு முழுவதும் இவ்விதியைத் தளர்த்துவதற்கான முயற்சி எனலாம்.

இனி, நமது வீதிகளைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து வரும் வழியிலே மாவனல்லையைக் கடந்ததும் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. பாறையைக் குடைந்து அவ்வழியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் 1832 முதல் அங்கே நிற்கிறது. வடக்கே மாத்தளை செல்லும் வீதியிலே பலகடுவ மலை உண்டு. தெற்கே கம்பளையைத் தாண்டினால் ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறலாம். கிழக்கே மஹியங்கனைக்கு இறங்கும் வழியிலே, பதினெட்டு வளைவுகள் எனப் பெயர்பெற்ற இறக்கம் ஹுன்னஸ்கிரியாவுக்கு அப்பால் இருக்கிறது. மழையோ தென்மேற்குப் பருவக்காற்றோடு நின்றுவிடுவதில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழையும் கண்டிக்கு உரியதே. காலையிலே உலர்ந்திருந்த வீதி மாலையிலே தேயிலைத் தோட்டத்துச் செம்மண் படிந்து நனைந்து கிடக்கும்.

இத்தகைய வழிகளிலே டயர் எங்கே தேய்கிறது? ஏற்றத்திலே வண்டியின் பாரத்தையும் எஞ்சினின் உந்தலையும் பின் டயர் தாங்குகிறது. இறக்கத்திலே பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய, முன் டயரின் வேலை கூடுகிறது. வளைவிலே வண்டி சரியும்போது டயரின் ஓரங்கள் தொழிற்படுகின்றன. மலைநாட்டிலே ஓட்டுவதால் ஓரமே முதலில் தேயும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலானோர் நாள்தோறும் ஓட்டுவது கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் இடைப்பட்ட நகர நெரிசலிலேதான். நிற்பதும் புறப்படுவதுமாகச் செல்லும் அந்த நேர் ஓட்டத்திலே பின் டயரின் நடுப்பகுதியே அதிகம் தேய்கிறது. நடு தட்டையாகி ஓரம் வளைந்தே இருக்கும்போது இரண்டுக்கும் இடையே ஒரு விளிம்பு தோன்றும். அத்தகைய டயரோடு வளைவில் சரியும் வண்டி, அவ்விளிம்பைக் கடக்கும்போது தயங்கிப் பின் சட்டென விழுவதுபோல் சரியும். ஆகவே நடுப்பகுதி நெடுங்காலம் வளைவு மாறாதிருத்தல் சிக்கனத்துக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் வேண்டியதே.

கடையிலே கிடைக்கும் டயர்களை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது, பந்தயத் திடலை எண்ணிச் செய்த மிக மென்மையான வகை. இது நன்கு சூடேறினால் ஒட்டுப்பசைபோல் பற்றும். ஆனால் நகரத்திலே மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலும், மழை நனைத்த மலைவீதியிலும், அந்தச் சூடு எங்கிருந்து வரும்? சூடேறாத பந்தய டயர் தன் திறமையைக் காட்டாமலே தேய்ந்து போகும். இரண்டாவது, பாரம் சுமக்கும் சிறு வண்டிகளை எண்ணிச் செய்த மிகக் கடினமான மலிவு வகை. இது நெடுநாள் உழைக்கும்; ஈரத்தில் நம்பத் தகாதது. மூன்றாவது, நீண்ட வீதிப் பயணத்துக்கென அமைந்த ஸ்போர்ட்ஸ்-டூரிங் வகை. குளிரிலும் ஈரத்திலும் விரைவில் பிடிப்புத் தரும் கலவை, நீரை வெளியேற்றும் தெளிவான பள்ளங்கள் என்பன இதன் இயல்புகள். இவ்வகையிற் சிலவற்றிலே நடுவில் கடின இறப்பரும் இரு ஓரங்களிலும் மென்மையான இறப்பரும் அமைந்திருக்கும். நேர் வீதியிலே தேய்வு குறைவு. வளைவிலே பிடிப்பு மிகுதி. நமது மலைவழிக்கு இதனிலும் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். பந்தய வகைப் பின் டயர் ஒன்று 24,000 ரூபா. 8,000 கிலோமீற்றர் உழைக்கிறது. அப்படியாயின் கிலோமீற்றருக்கு 3 ரூபா. ஸ்போர்ட்ஸ்-டூரிங் டயர் 27,000 ரூபா. 18,000 கிலோமீற்றர் உழைக்கிறது. கிலோமீற்றருக்கு 1 ரூபா 50 சதம். கடின வகை 15,000 ரூபா. 20,000 கிலோமீற்றர் உழைக்கிறது. கிலோமீற்றருக்கு 75 சதம். கணக்கை மட்டும் நோக்கினால் கடின டயரே வெல்லும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முதல் வகையை விட்டு இடைப்பட்ட வகைக்கு வருபவர் 10,000 கிலோமீற்றருக்கு 15,000 ரூபாவை மீதப்படுத்துகிறார். இழப்பது நமது வீதியிலே பயன்படாத பிடிப்பை. அதிலிருந்து கடின வகைக்கு இறங்குபவர் மேலும் 7,500 ரூபாவை மீதப்படுத்துகிறார். இழப்பது மழைநாளிலே கடுகண்ணாவை இறக்கத்தில் பஸ் ஒன்று திடீரென நிற்கும்போது தேவைப்படும் பிடிப்பை. முன்னையது சிக்கனம். பின்னையது உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் கஞ்சத்தனம்.

வகையைத் தெரிந்தபின், டயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் எழுத்துக்களை வாசிக்கப் பழகவேண்டும். 140/70-17 66எச் என்றிருந்தால், அகலம் 140 மில்லிமீற்றர். உயரம் அவ்வகலத்தில் 70 வீதம். சில்லின் விட்டம் 17 அங்குலம். 66 என்பது 300 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும் சுட்டெண். எச் என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்றது என்பதன் குறி. எஸ் என்றால் 180, பி என்றால் 150. வண்டியின் கைந்நூலிலே கண்ட பாரச் சுட்டெண்ணுக்கும் வேகக் குறிக்கும் குறைந்த டயரை வாங்குதல் ஆகாது. பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்வோருக்குப் பாரச் சுட்டெண் மிக முக்கியம். அழகு கருதி அகன்ற டயரை ஒடுங்கிய சில்லிலே பூட்டுவதும் தவறு. ஓரங்கள் நெருக்குண்டு டயரின் வடிவம் கெடும். நடுப்பகுதி விரைவில் தேயும். நூலிழைகள் நேர்குறுக்காகச் செல்லும் ரேடியல் வகையையும், சாய்வாகச் செல்லும் பழைய வகையையும், வண்டியைச் செய்தோர் அனுமதித்தாலன்றி, முன்னும் பின்னுமாகக் கலந்து பூட்டலாகாது.

அடுத்துப் பார்க்கவேண்டியது பிறந்த நாள். டயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் இருக்கும். 2324 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். இறப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமையடையும். வெயிலும் காற்றும் அதனை இறுகச் செய்யும். பள்ளம் ஆழமாக இருந்தும் பிடிப்பு இல்லாத டயர்கள் பெரும்பாலும் இவ்வாறு மூத்தவையே. பாவனைக்கு வந்து ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டவேண்டும். செய்து பத்து ஆண்டு கடந்ததை, எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், நீக்கிவிட வேண்டும். கடையிலே நெடுங்காலம் கிடந்த சரக்கைத் தள்ளுபடி விலைக்குத் தந்தால் மகிழ்வதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். லொறிகளுக்குச் செய்வதுபோல் பழைய டயருக்குப் புது மேற்பட்டை ஒட்டியதை மோட்டார்ச் சைக்கிளுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

நல்ல டயரை வாங்குவது பாதி வேலையே. மீதிப் பாதி அதனைப் பேணுவது. காற்று குறைந்த டயர் அதிகமாக நெளிந்து சூடேறித் தேயும். காற்று மிகுந்த டயர் நடுவிலே மட்டும் வீதியைத் தொட்டு அங்கேயே தேயும். கைந்நூலிலே முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் எத்தனை இறாத்தல் என்று சொல்லியிருக்கிறதோ, அதனைக் கிழமைக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், அளந்து பார்க்கவேண்டும். எரிபொருள் நிலையத்துக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடிச்சென்று அளந்தால் சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால், ஆறியபின் டயர் குறைகாற்றோடு நிற்கும். சிறிய அளவுமானி ஒன்றை வீட்டிலே வைத்திருப்பது ஒரு டயரின் ஆயுளையே நீட்டும்.

டயரைப் பூட்டும்போது சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி முன்னோக்கி இருக்கிறதா என்று நோக்குங்கள். காற்றுவாயிலையும் அப்போதே புதிதாக்கிக்கொள்வது நன்று. புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாயிருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் வரை திடீர்ப் பிரேக்கும் ஆழ்ந்த சரிவும் தவிர்த்து நிதானமாக ஓட்டவேண்டும். டயரைப் பூட்டிய அன்றே நண்பர்களோடு பதினெட்டு வளைவுகளுக்குப் புறப்படுவது அறிவுடைமை அன்று.

எப்போது மாற்றுவது என்பதற்கும் டயரே விடை சொல்லும். பள்ளங்களின் அடியிலே சிறு மேடுகள் அமைந்திருக்கும். அவற்றின் மட்டத்துக்கு மேற்பரப்பு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மழை மிகுந்த நமது மலைநாட்டிலே அந்த மட்டம் வரை காத்திராமல், பருவமழைக்கு முன்னரே மாற்றிவிடுவது நலம். பள்ளம் ஆழம் குறையக் குறைய, டயரின் கீழ் அகப்படும் நீர் வெளியேற வழியின்றிப் போகும். உலர்ந்த நாளிலே குறை தெரியாத டயர், முதல் மழையிலே தன் குறையைக் காட்டிவிடும்.

ஆகவே நேயர்களே, டயரின் ஆயுளைக் கிலோமீற்றரால் மட்டும் அளக்காதீர்கள். எத்தனை மழைக்காலம் அது வீதியைப் பற்றி நின்றது என்பதாலும் அளவுங்கள். நடுவிலே கடினமும் ஓரத்திலே மென்மையும் உடையதாய், அண்மையில் செய்யப்பட்டதாய், வண்டிக்குரிய அளவிலே அமைந்ததாய் ஒரு டயரைத் தெரிந்து, கிழமைதோறும் காற்றையும் பார்த்துவந்தால், பணமும் மீதமாகும். மலைவழியிலே மாலை மழை பிடித்தாலும், வீட்டிலே காத்திருப்போர் கவலையின்றி இருப்பர்.