ஆன் செய்ததும் ஹேங் ஆகிறதா? ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள்!

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் லோகோ வருகிறது, டெஸ்க்டாப் வருகிறது, ஐகான்கள் எல்லாம் தெரிகின்றன. மவுஸை அசைத்தால் அம்புக்குறியும் நகர்கிறது. ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் திறப்பதில்லை. ஓரிரு நிமிடம் அப்படியே ஹேங் ஆகி நின்றுவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஒழுங்காக வேலை செய்கிறது.

என் சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒருமுறை பயன்படுத்தப்பட்டு, சரி செய்து விற்கப்படும் டெஸ்க்டாப் ஒன்றைக் கடையில் வாங்கியிருந்தார். ஆன் செய்துவிட்டுப் போய் காபி குடித்துவிட்டு வருவார். "பழைய மெஷின்தானேடா, கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்று அவரே சமாதானமும் சொல்லிக் கொள்வார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

டெஸ்க்டாப் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கம்ப்யூட்டர் தயார் என்று அர்த்தமில்லை. அதன் பிறகுதான் ஆன்டிவைரஸ், அப்டேட் பார்க்கும் புரோகிராம்கள், பிரிண்டருடன் வந்தவை, சாட்டிங் புரோகிராம்கள் என எல்லாம் ஒரே நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பைல்களைக் கேட்கத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன் ரீடிங் ஹெட் ஒவ்வொரு பைலுக்கும் இடம் விட்டு இடம் நகர்ந்து படிக்க வேண்டும். தேவையானவை ராமுக்கு வந்து சேர்ந்த பிறகு டிஸ்க்குக்கு வேலை குறைந்துவிடும். முதல் சில நிமிடங்கள் திணறிய கம்ப்யூட்டர் பிறகு நன்றாக ஓடுவது இதனால்தான்.

எனவே டெஸ்க்டாப் வந்தவுடன் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். (உடனே திறக்காவிட்டால் பொறுத்திருங்கள், பவர் பட்டனை மட்டும் அழுத்தி அணைத்துவிடாதீர்கள்.) அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குச் சென்றால், கம்ப்யூட்டருடன் சேர்ந்து துவங்கும் புரோகிராம்களின் பட்டியல் கிடைக்கும். 'ஹை' என்று குறிக்கப்பட்டவற்றை முதலில் பாருங்கள். தேவையில்லாததை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். இதனால் அந்த புரோகிராம் அழிந்துவிடாது. வேண்டும்போது நீங்களே திறந்து கொள்ளலாம். ஆன்டிவைரஸையும், என்னவென்று புரியாத டிரைவர் சம்பந்தப்பட்டவற்றையும் தொடாதீர்கள். செருகியபடியே விட்ட பென் டிரைவ் இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் இத்துடன் பிரச்சினை குறைந்துவிடும்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் 11 புரோகிராம்கள் இருந்தன. 7ஐ நிறுத்தினேன். மறுநாள் 20 விநாடியில் தயாரானது. அதற்கு அடுத்த நாள் மூன்று நிமிடம்! அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வேலை அதிகம் என்பதால் வரும் தாமதம் தினமும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பகுதியைத் திறந்து டிஸ்க் என்பதைக் கிளிக் செய்தேன். டிஸ்க் 100 சதவீதம் பிஸி என்று காட்டியது. ஆனால் படிக்கும் வேகமோ கிட்டத்தட்ட பூஜ்யம். சராசரி ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுகளில் இருந்தது. நிறையப் படித்துக் கொண்டு 100ஐத் தொட்டால் அது வேலைப்பளு. எதையும் படிக்காமலே 100ஐத் தொட்டால், கெட்டுப்போன ஓர் இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று கொண்டிருக்கலாம். கேபிள் கோளாறாகவும் இருக்கலாம்.

உறுதி செய்ய ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று சென்றேன். 'டிஸ்க்' என்ற பெயரில் 7, 153 ஆகிய எண்கள் வரிசையாக இருந்தன. 7 என்றால் டிஸ்க்கில் பேட் பிளாக் இருக்கிறது என்று பொருள். 153 என்றால் படிப்பதோ எழுதுவதோ ஒரே தடவையில் முடியாமல் மறுபடியும் முயன்றது என்று பொருள். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராமும் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. அதில் 05, சி5, சி6 ஆகிய வரிசைகளில் பூஜ்யம் இல்லாவிட்டால் கவனம் தேவை. சி7 மட்டும் கூடிக்கொண்டே போனால் டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். உடனே செக் டிஸ்க்கையோ டிபிராக்மென்டையோ ஓட விடுவார்கள். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை முழுவதுமாகப் படிக்க வைத்தால், அந்த வேலையிலேயே அது ஒரேயடியாக நின்றுவிடக் கூடும். முதலில் பேக்கப், மற்றதெல்லாம் பிறகு.

சித்தியிடம் "இதில் முக்கியமானது என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். பாட்டியின் கடைசி இரண்டு வருட போட்டோக்கள் என்றார். போன் உடைவதற்கு முன் அதிலிருந்து இதில் ஏற்றியது. வேறு எங்கும் காப்பி இல்லை. பாட்டி இப்போது இல்லை. அத்தனை நாளும் நாங்கள் காபி குடித்துவிட்டு வந்து கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றை இணைத்து, போட்டோ போல்டரை மட்டும் முதலில் காப்பி செய்தேன். மொத்த டிரைவையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போடாதீர்கள். திரும்பக் கிடைக்காதது முதலில், டவுன்லோடு செய்துகொள்ளக் கூடியது கடைசியில். ஓரிடத்தில் காப்பி நின்றது. ஸ்கிப் கொடுத்துவிட்டு மேலே போனேன். சுமார் 1,400 போட்டோக்களில் 9 மட்டும் வரவில்லை.

பிறகு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அந்த மெஷின் ஏற்குமா என்று சரிபார்த்து விண்டோஸ் 11ஐப் புதிதாகப் பதிந்தேன். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை என்பதால் காத்திருப்பு சில விநாடிகள்தான். ஆனால் எஸ்எஸ்டியும் ஒருநாள் கெடும், அதுவும் பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல். அதனால் போட்டோக்கள் எக்ஸ்டர்னல் டிரைவிலும் அப்படியே இருக்கின்றன.

வராத அந்த 9 போட்டோக்களில் 4 அத்தையின் போனில் கிடைத்தன. பழைய ஹார்ட் டிஸ்க்கை சித்தி தூக்கிப் போட விடவில்லை. பீரோவில் இருக்கிறது.