சுப்ரமணியத்துக்கு எத்தனை எழுத்து?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். முன்னறையில் வீடு வாங்க வந்தவர்கள் காப்பி குடிப்பார்கள்; கூத்தெல்லாம் பின்கட்டில்தான். அங்கே எட்டிப்பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

கிளாங் வீடு ஒன்றுக்கு நிலப் பதிவேட்டில் தேடி எடுத்த ‘சர்ச்’ தாளை கிராணி அக்கா நீட்டினார். கிராண்ட் எனும் நிலப் பத்திரத்தின் எண், லாட் எண், முக்கிம், மாவட்டம், உரிமையாளர் பெயர். முதலில் சரிபார்ப்பது இவற்றைத்தான். ஓர் இலக்கம் தடுமாறினால் வேறு யாருடைய வீடோ வந்து நிற்கும்.

“இங்க பாருங்க தம்பி,” என்றார் அக்கா. அடையாள அட்டையில் உரிமையாளர் சுப்ரமணியம் ‘ஐ, ஏ, எம்’ என்று முடிகிறார். கிராண்டிலோ ‘ஐ, யூ, எம்’. “ரெண்டும் ஒரே ஆளுதான்னு சத்தியப் பிரமாணம் வேணும்.”

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பினாங்கில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை ஒரு மோசடிக்காரி விற்றது இப்படித்தானாம். கிராண்ட் தொலைந்தது என்று ஒரு பிரமாணம்; இரண்டு பெயரும் ஒருவரே என்று இன்னொன்று. 2000இல் கூட்டரசு நீதிமன்றம் நிலம் வாங்கிய நிறுவனத்துக்கே என்றது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2010 ஆயிற்று. அதற்குள் அந்த அம்மா காலமாகிவிட்டார்.

“சரி, பதிவேட்டுலயே தப்பா ஏத்தியிருந்தா?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். தேசிய நிலச் சட்டம், 22ஆம் பிரிவு: நல்லெண்ணத்தோடு கடமை செய்த அதிகாரிமீது சிவில் வழக்குப் போட முடியாது. தவறைத் திருத்தப் பதிவாளருக்கு 380ஆம் பிரிவு இடம் தருகிறது. திருத்தம் வேறு, நட்டஈடு வேறு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் என்பவர் இந்த நிலப் பதிவு முறையைக் கொண்டுவந்தபோது, ஏமாந்தவருக்கு ஈடுகட்ட ஒரு நிதியும் கூடவே இருந்தது. முறையை வாங்கிக்கொண்டோம்; பினாங்கு, மலாக்காவின் தனி ஏற்பாட்டைத் தவிர்த்தால், நிதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

“உங்க கண்ணு தப்புனா?”

“பாஸ் தலைமேல விழும்!” வழக்கறிஞர்களுக்குத் தொழில் காப்புறுதி கட்டாயம். அக்கா மறுபடி தாளைக் குனிந்து பார்த்தார், விரலால் எழுத்தெழுத்தாய்.

கிராண்ட் பீரோவில் தூங்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நில அலுவலகத்தில் ஒரு சர்ச் எடுத்து, உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.